போத்தலுக்குள் ஒரு குளிர்காலம்

"பைட்டர் மீனுக்கு ஒன்றும் தேவையில்லை, ஒரு போத்தல் தண்ணீர் போதும்." மீன் விற்பவர்கள் சொல்லும் இவ்வாசகத்தைப் போல் வசதியான பொய் வேறில்லை. கொழும்பின் வெக்கையில் அது ஓரளவு செல்லுபடியாகலாம். ஏறத்தாழ 3000 அடி உயரத்திலுள்ள புசல்லாவையில் செல்லாது.

தாய்லாந்தின் வயல்களையும் சதுப்புகளையும் தாயகமாகக் கொண்ட இனம் இது. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பமே அதற்கு உகந்தது. மார்கழிப் பனியில், ஜாம் போத்தல் நீர் விடிவதற்குள் அறையின் குளிருக்கு இறங்கிவிடுகிறது. மீன் அடியில் ஒடுங்குகிறது, உண்ண மறுக்கிறது, நோய்க்கு இரையாகிறது. நாமோ அதைச் "சாதுவான மீன்" என்கிறோம்.

நீர்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. அந்த ஆற்றலையே அதன் தண்டனையாக்கிவிட்டோம். மூச்சுவிட முடிவது வேறு. வாழ முடிவது வேறு.

பரிகாரம் பெரிதன்று. 20 லீற்றர் தொட்டி, அதற்கொரு மூடி, தானாக நின்று இயங்கும் 25 வாற் ஹீற்றர், ஒரு வெப்பமானி. போத்தலில் ஹீற்றரை இடாதீர்கள். சிறிதளவு நீர் விரைவில் சூடேறிவிடும். திடீரெனச் சுடுநீர் ஊற்றுவதும் கொலையே. 2022இல் கண்டதுபோல் மின்வெட்டு நீண்டால், தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள்.

"லயத்தில் மனிதரே நடுங்கும்போது மீனுக்கு ஹீற்றரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லயத்துக் குளிரைப் பற்றி நான் எழுதிய காலத்திலும், "அவர்களுக்குப் பழகிவிட்டது" என்ற பதிலே கிடைத்தது. அதே வாக்கியத்தை ஒரு மீனைப் பார்த்தும் சொல்ல நான் தயாரில்லை. வெப்பம் தர இயலாதவர் மீனை வாங்காதிருக்கட்டும்.