கொல்லிமலைப் பிள்ளைக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்கிறார்களா?

"மலைப் பிள்ளைக்கு ராக்கெட் எதற்கு? முதலில் எழுதப் படிக்கக் கற்கட்டும். ஆகாயத்தை அப்புறம் அளக்கலாம்!"

இப்படிப் பேசும் கனவான்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையால் ராக்கெட் செய்து, அதன் வழியே கணக்கும் விஞ்ஞானமும் கற்கலாம் என்று யாராவது சொன்னால் போதும், இந்தக் கரிசனம் பொங்கி வழியும். ஆனால் இதே கனவான்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளை ரோபோ வகுப்புக்கும் விண்வெளி முகாமுக்கும் பணம் கட்டி அனுப்புவார்கள். தன் பிள்ளைக்கு ஆகாயம், உழைப்பவன் பிள்ளைக்கு அரிச்சுவடி! இதுதான் அவர்கள் போடும் கணக்கு.

இந்தக் கணக்கை நாம் ஏற்க முடியாது. ஏன் என்று சொல்கிறோம்.

மலையிலிருந்து இறங்கியது என்ன?

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் உழைப்பில் சாமையும் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகின்றன. வியாபாரி வைத்த விலைக்குக் கீழே இறங்குகின்றன. இறங்கியது அவை மட்டும்தானா? மலையை வெட்டிப் பாக்சைட் மண்ணை மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டு போனார்கள். 2008-ல் அந்த ஆலை அலுமினியம் உருக்குவதை நிறுத்தியது. மண் போனது போனதுதான்.

ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகள் எதனால் ஆனவை? அலுமினியக் கலப்பு உலோகத்தால்! பாக்சைட்டிலிருந்து பிறப்பதுதான் அலுமினியம். மலையின் மண் ஆகாயத்துக்குப் போகத் தகுந்தது. மலையின் பிள்ளை மட்டும் தகாதவனா?

ஒரு பாட்டில், ஒரு சைக்கிள் பம்பு

ராக்கெட் என்றதும் கோடி ரூபாய் என்று மிரள வேண்டாம். வெடிமருந்தும் வேண்டாம். வெடிமருந்து உழைப்பாளி வீட்டில் என்ன செய்யும் என்பதற்குச் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களே சாட்சி. சோடா, கலர் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று; இறுக்கமான ரப்பர் அடைப்பான், அதில் சைக்கிள் டியூபின் வால்வு; ஒரு சைக்கிள் பம்பு. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றித் தலைகீழாக நிறுத்தி, உபாத்தியாயர் மேற்பார்க்க, எட்ட நின்று காற்றடிக்க வேண்டியதுதான். அழுத்தம் ஏறியதும் அடைப்பான் பிடுங்கிக்கொள்ளும். தண்ணீர் கீழே பீறிடும். பாட்டில் மேலே பாயும்.

ஏன் பாய்கிறது? பம்புசெட் குழாயைக் கையில் பிடித்த விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும்: தண்ணீர் முன்னே பாய்ந்தால் குழாய் பின்னே உதைக்கும். நியூட்டனின் மூன்றாவது விதி என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வது இதைத்தான். தண்ணீரே இல்லாமல் வெறும் காற்றை அடைத்தால் பாட்டில் அதிகம் எழும்பாது. முழுக்கத் தண்ணீர் நிரப்பினால் காற்றுக்கு இடமில்லை, அப்போதும் எழும்பாது. கால் பங்கா, மூன்றில் ஒன்றா, பாதியா? பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து அட்டவணை போடட்டும். பின்னக் கணக்கு அன்றைக்குப் புரியும்.

எவ்வளவு உயரம் போயிற்று? நூலில் ஒரு கல்லைக் கட்டிப் பாகைமானியில் தொங்கவிட்டு, முப்பது மீட்டர் தள்ளி ஒரு சிறுமி நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உச்சியைப் பார்த்த கோணம் 45 டிகிரி என்றால் உயரமும் முப்பது மீட்டர். அவள் கண்மட்டத்தின் உயரத்தை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். திரிகோணமிதி என்று பயமுறுத்துகிறார்களே, அது இவ்வளவுதான்! இன்னொரு சிறுவன், பாட்டில் உச்சியிலிருந்து தரைக்கு வர எத்தனை விநாடி என்று எண்ணுகிறான். விநாடியை விநாடியால் பெருக்கி ஐந்தால் பெருக்கினால் விழுந்த தூரம் ஏறக்குறைய கிடைக்கும் என்கிறது பாடம். மூன்று விநாடி என்றால் 45 மீட்டர்.

பாகைமானி 30 என்கிறது. கடிகாரம் 45 என்கிறது! எது பொய்?

இரண்டும் பொய்யல்ல. காலி பாட்டில் லேசானது. காற்று அதைத் தடுத்துத் தடுத்து மெதுவாக இறக்குகிறது. புத்தகத்துச் சூத்திரமோ காற்றே இல்லாத இடத்துக்கு எழுதியது. இதைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளை, அச்சில் வந்ததையும் மேலதிகாரி சொன்னதையும் அப்படியே நம்பாமல் அளந்து பார்க்கப் பழகுகிறது. கூலியைக் குறைத்துக் கணக்குக் காட்டும் மேஸ்திரியிடமும் அந்தப் பழக்கம் ஒருநாள் வேலை செய்யும். அளக்கத் தெரிந்த தொழிலாளியை ஏமாற்றுவது கடினம். ராக்கெட் பாடத்தில் நமக்குள்ள அக்கறை இதுதான்.

மலையே ஒரு பரிசோதனைக் கூடம் தோழர்களே! செம்மேட்டில் காலி பாட்டிலை இறுக மூடிக் காரவள்ளிக்குக் கொண்டு வந்தால், கீழே அழுத்தம் கூடிய காற்று அதை நசுக்கும். கீழே வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மேலே போகும் பஸ்ஸில் உப்பும். ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதிக்கும். காற்றழுத்தத்தைக் கற்பிக்கப் பட்டணத்துப் பள்ளிக்கு இயந்திரம் வேண்டும். கொல்லிமலைக்குப் பஸ் டிக்கெட் போதும்.

அடிவாரத்தில் மார்க்குத் தொழிற்சாலை

மலையடிவாரத்து நாமக்கல் வட்டாரம் எதற்குப் பேர் போனது? முட்டைக்கு, அப்புறம் மார்க்குக்கு. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷமும் உருப்போட வைக்கும் தனியார் விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் கோழிப் பள்ளி' என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். இந்த மோசடியைத் தடுக்க 2017-ல் ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-ல் அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். தேர்வை வைப்பதாலும் எடுப்பதாலும் கல்வி வியாபாரம் ஒழியுமா? வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டும் மில் தொழிலாளியைக் கேளுங்கள். பாகைமானியைக் கையில் தொடாமலே கோணத்துக்கு முழு மார்க்கு வாங்கும் பிள்ளையைத்தான் அந்தத் தொழிற்சாலை உற்பத்தி செய்கிறது.

ஒருநாள் திருவிழா போதுமா?

"அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ராக்கெட்டே விட்டார்களே!" என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். நாமும் பெருமைப்படுகிறோம். 2022 ஆகஸ்ட் 7-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் சுமந்து சென்ற 'ஆசாதிசாட்' செயற்கைக்கோளில், நாடு முழுவதும் 75 பள்ளிகளின் 750 மாணவிகளது கைவேலை இருந்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய கோள், ஒரு புறம் 356, மறு புறம் 76 கிலோமீட்டர் என்று நீள்வட்டத்தில் போய்விட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இன்னும் மிச்சமிருக்கிறது. அது கோளைக் கீழே இழுத்துவிட்டது. பாட்டிலைத் தடுத்த அதே காற்று! 2023 பிப்ரவரி 10-ல் இரண்டாவது ஆசாதிசாட் சரியாகப் பாதையில் நின்றது. தோற்றதன் காரணத்தைக் கண்டு திருத்தி மறுபடி செய்வதைவிடப் பெரிய விஞ்ஞானப் பாடம் எது?

அதே 2023 பிப்ரவரி 19-ல் செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்தில், அப்துல் கலாம் பெயரால் ஒரு ராக்கெட் எழும்பியது. சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகள் பங்குகொண்ட 150 சிறு செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. முன்னின்று நடத்தியவர்களில் ஒன்று லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் மார்ட்டின் அறக்கட்டளை. லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாடு 2003-ல் ஏன் தடை செய்தது என்று மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சம்பள நாளில் அவன் வீடு பட்ட பாடு அவனுக்குத் தெரியும். அதே அதிபரின் ஃபியூச்சர் கேமிங் கம்பெனி 1,368 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரம் வாங்கிய கதை 2024 மார்ச்சில் ஊருக்கே வெளிச்சமானது.

பிள்ளைகள்மீது நமக்குக் குறையில்லை, அவர்கள் தங்கங்கள். ஏழைப் பிள்ளையின் விஞ்ஞானம் பணக்காரனின் தர்மத்தில் ஏன் தொங்க வேண்டும் என்பதே நம் கேள்வி. ஐயாயிரம் பேர் ஒருநாள் ராக்கெட் பார்த்தார்கள். மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்த ராக்கெட்தானா?

மாநில சர்க்கார் 2022 நவம்பர் 28-ல் 'வானவில் மன்றம்' தொடங்கியது. செய்துகாட்டி, செய்யவைத்துக் கற்பிக்கும் திட்டம், நல்ல திட்டம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 13,210 பள்ளிகளுக்குச் செய்துகாட்டுவோர் 710 பேர். ஆளுக்கு ஏறக்குறைய பத்தொன்பது பள்ளி! எழுபது வளைவு ஏறி ஒரு மனிதர் எத்தனை தடவை வருவார்? விஞ்ஞானம் விருந்தாளியாக வந்து போகக் கூடாது. பள்ளியிலேயே அது குடியிருக்க வேண்டும்.

டில்லியிலிருந்து வரும் இருட்டு

டில்லி என்ன செய்கிறது? 2025 ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி நாள். ஹிமாசலப் பிரதேசம் உனாவில் பள்ளிப் பிள்ளைகளிடம், முதலில் விண்வெளிக்குப் போனவர் யார் என்று முன்னாள் மத்திய மந்திரி அனுராக் தாக்கூர் கேட்டார். பிள்ளைகள் ஆர்ம்ஸ்ட்ராங் என்றார்கள். அவரோ, அனுமான் என்று நினைப்பதாகச் சொன்னார்! அனுமானை வணங்குவது அவரவர் விருப்பம். அதற்குக் கோயில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சரியான விடையைச் சொல்ல வேண்டாமா? பிள்ளைகள் சொன்னதும் தப்புத்தான். சந்திரனில் முதலில் காலடி வைத்தவர் ஆர்ம்ஸ்ட்ராங். விண்வெளிக்கு முதலில் போனவர் யூரி ககாரின். நாள் 1961 ஏப்ரல் 12.

யார் அந்தக் ககாரின்? கூட்டுப்பண்ணைத் தச்சரின் மகன். வார்ப்படத் தொழில் கற்றவர். விண்வெளி சென்ற முதல் பெண் வாலென்டினா தெரஷ்கோவா யார்? டிராக்டர் ஓட்டியின் மகள், பஞ்சாலைத் தொழிலாளி, மில்லில் வேலை செய்துகொண்டே தபால் வழியில் படித்தவர். 1963 ஜூன் 16-ல் புறப்பட்டு 48 தடவை பூமியைச் சுற்றினார். ராக்கெட் பயணத்தின் கணிதத்தை 1903-ல் எழுதி வெளியிட்ட த்ஸியோல்கோவ்ஸ்கி யார்? சிறு வயதிலேயே காது மந்தமாகிப்போன, சிற்றூர்ப் பள்ளி உபாத்தியாயர். சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. ஆனால் பஞ்சாலைப் பெண் விண்வெளிக்குப் போன சரித்திரத்தை எவராலும் கலைக்க முடியாது.

டில்லியின் கைங்கரியம் இத்தோடு நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாம வளர்ச்சியையும் தனிம வரிசை அட்டவணையையும் என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்ட செய்தி 2023-ல் ஊரெங்கும் பேசப்பட்டது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று, 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கல்விப் பணம் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். 2025 மே மாதம் மாநில சர்க்கார் உச்ச நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. அது டில்லி பிரபுக்களின் பணமா? நூலிலும் நெல்லிலும் நாம் கட்டிய வரி!

இது குலக்கல்வி அல்ல

"கையால் செய்து கற்பது என்றால் ராஜாஜியின் குலக்கல்விதானே?" என்று சில தோழர்கள் ஐயப்படக்கூடும். நியாயமான ஐயம். 1953-ல் வந்தது அந்தத் திட்டம்: அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டில் குடும்பத் தொழில். தமிழ் மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் காமராஜர் ஆட்சி அதைக் குழிதோண்டிப் புதைத்தது. 2023-ல் டில்லி கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்திலும் 18 பரம்பரைத் தொழில்கள், குரு-சிஷ்யப் பெருமை என்று அதே பழைய வாடைதான்.

வித்தியாசம் இதுதான். குலக்கல்வி பிள்ளையின் கையை அப்பன் தொழிலோடு கட்டிப்போட்டது. மூளைக்கு வேறொரு ஜாதியை வைத்தது. நாம் கேட்பது கையும் மூளையும் ஒரே பிள்ளையிடம் சேர்வதை. மலைப் பிள்ளை பம்பு அடிக்க வேண்டும். அதே பிள்ளை கோணத்தையும் கணிக்க வேண்டும். மேல்ஜாதிப் பிள்ளையும் பணக்காரன் பிள்ளையும் அதே வரிசையில் நின்று கையில் அழுக்குப் படட்டும்!

நாம் கேட்பது என்ன?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும், பூட்டாத பரிசோதனைக் கூடம் வேண்டும். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர உபாத்தியாயர் வேண்டும். மலையில் வேலை பார்ப்பவருக்கு அங்கேயே குடியிருக்க வீடு வேண்டும். பாட்டில் ராக்கெட் முதல் பாகைமானி வரை செய்து கற்பது, விழா நாளில் அல்ல, பாட அட்டவணையில் இடம்பெற வேண்டும். இந்த வேலை கொல்லிமலை, ஜவ்வாது, கல்வராயன் போன்ற மலைகளில் முதலில் தொடங்க வேண்டும். எப்போதும் கடைசியில் நிறுத்தப்பட்டவர்கள் இந்த ஒருமுறையாவது முன்னே நிற்கட்டும்.

சர்க்காரைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. மில் தொழிலாளித் தோழர்களே! அழுத்தமானியும் வால்வும் உங்களுக்குப் பழகியவை. ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஆபீஸ் வாசலில் பிள்ளைகளைக் கூட்டி ஒரு பாட்டிலைப் பறக்கவிடுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். பரிசோதனைக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக அதைத் திறந்தது எந்த மாதம், விஞ்ஞான உபாத்தியாயர் இடம் எத்தனை நாளாகக் காலி என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் ஊரைத் திரட்டி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு நடங்கள்.

ராக்கெட் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதுவே நம் பதில்.