பசுமை வீடு பணக்காரங்களுக்கு மட்டுமா?



பசுமை வீடுன்னா சோலார் தகடு, லட்சக்கணக்குல வெள்ளின்னு நினைக்கிறோம். தோட்டத்து லயங்கள்ல வசதி குறைவுதான். ஆனா பின்னால முருங்கையும் கறிவேப்பிலையும் இருந்துச்சு. காய்ச்சதை லயமே பகிர்ந்துக்கிச்சு.

இப்ப நம்ம சனங்க பலர் அடுக்குமாடியில. கோலாலம்பூர் பிபிஆர்ல மாசம் 124 வெள்ளிக்கு மூணு அறை வீடு, நல்ல உதவிதான். ஆனா மேல்மாடியிலிருந்து குப்பைப் பையை வீசுறது யாரு? நம்மில் சிலர்தானே! 2018-ல அப்படி ஒரு பிபிஆர்ல மேலிருந்து விழுந்த நாற்காலி பள்ளிப் பிள்ளை ஒருத்தனோட உயிரைப் பறிச்சதை மறந்துட்டோமா?

அரசாங்கம் வீடு தரலாம். அக்கம்பக்கத்தை நாமதான் உண்டாக்கணும். அன்னதான வாழையிலை, மாலைப் பூவை மக்கவச்சு உரமா தர்றோம். நிர்வாகத்துக்கிட்ட அனுமதி கேட்டு, உங்க புளோக் கீழே ஒரு பாத்தி போடுங்க. முதல் கறிவேப்பிலைக் கன்றை நாங்களே கொண்டு வர்றோம்.