பசி வராததற்கு உபவாசம் என்று பெயர் வைக்காதீர்கள்

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு வாலிபர் கூடுகை. முடிவில் ஜெபக்குறிப்புகளைக் கேட்டபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி தலையைக் குனிந்தபடி சொன்னான்: "ஒரு கிழமையா எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. பரீட்சையும் கிட்ட வருது, வீட்டிலயும் பிரச்சினை." உடனே ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: "அப்ப நல்லதாப் போச்சு தம்பி. நாங்களும் உன்னோட சேர்ந்து மூன்று நாள் உபவாசம் எடுப்பம்." எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. ஒரு கிழமையாகச் சாப்பிட முடியாத பிள்ளையிடம், இன்னும் மூன்று நாள் சாப்பிடாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பத்து வருடத்துக்கு மேலாக வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிற நானும் அதற்கு ஆமென் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஆமென்தான்.

நான் உபவாசத்துக்கு எதிராக எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் உபவாசித்து ஜெபிப்பதுண்டு. ஆனால் பசியை ஒதுக்கி வைத்துவிட்டு ஜெபிப்பதுதான் உபவாசம். இல்லாத பசியை எப்படி ஒதுக்கி வைப்பது? உபவாசம் நாமாகத் தெரிந்தெடுப்பது. எப்போது முடியும் என்பதும் நமக்குத் தெரியும். கவலையால் சாப்பாடு இறங்காமல் போவது நாம் தெரிந்தெடுத்தது அல்ல. அது உடம்பு எழுப்புகிற அபாய மணி. அந்த மணிக்கு ஆவிக்குரிய பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டால், பிறகு அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன்.

2009 சித்திரை மாதம். எனக்கு அப்போது 19 வயது. தாதியர் கல்வியின் முதலாவது வருடம். அம்மாவின் தங்கை, என் சித்தி, குடும்பத்தோடு வன்னியில் இருந்தார். புதுக்குடியிருப்பிலிருந்து தை மாதத்தில் வந்த தொலைபேசி அழைப்புத்தான் கடைசி. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் சுவிசில் இருந்த அநேகமான தமிழ் வீடுகள் எங்கள் வீடு மாதிரித்தான் இருந்தன. தொலைக்காட்சி அணைக்கப்படவே இல்லை. பேர்ணுக்கும் ஜெனீவாவுக்கும் ஊர்வலத்துக்குப் போய் வருவோம். வந்து சோற்றைப் போட்டால், பிசைந்தபடியே இருப்போம்.

அம்மாவுக்கு ஒன்றுமே இறங்கவில்லை. "சாப்பிட்டனீங்களோ அம்மா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அங்க பிள்ளையள் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில நிக்குதுகள். எனக்கு எப்படிப் பிள்ளை இறங்கும்?" இதைக் கேள்விப்பட்ட ஒரு பெரியவர் தொலைபேசியில் அம்மாவைப் பாராட்டினார். கர்த்தரே அம்மாவின்மேல் உபவாச பாரத்தை வைத்திருக்கிறார், அதை விட்டுவிட வேண்டாம் என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அதுவரை அம்மா வேளைக்கு இரண்டு வாயாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சுக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார். சாப்பிட்டால் சித்திக்காகச் செய்யும் ஜெபம் உடைந்துவிடும் என்று பயந்தார். ஆனால் சீனி வருத்தத்துக்குப் போடும் குளிசையை மட்டும் ஒழுங்காகப் போட்டார். நாலாவது நாள் காலையில், வேலைக்குப் போகும் வழியில், டிராம் தரிப்பிடத்தில் மயங்கி விழுந்தார். இரத்தத்தில் சீனி மிகவும் குறைந்துவிட்டது. நான் வகுப்பில் போஷாக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. வீட்டில் நடந்தது என் கண்ணில் படவில்லை.

அம்மாவைத் திரும்பச் சாப்பிட வைத்தது நானும் இல்லை, வைத்தியரும் இல்லை. சபையிலிருந்து ஒரு அன்ரி பானையோடு வந்தார். அரிசிக் கஞ்சி, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டிருந்தார். "சாப்பிடுங்கோ" என்று சொல்லவில்லை. இரண்டு கோப்பை எடுத்து இரண்டிலும் ஊற்றினார். சின்னதாக ஒரு நன்றி ஜெபம் செய்துவிட்டு, தன்னுடைய கோப்பையிலிருந்து தானே முதலில் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும் கரண்டியை எடுத்தார். அடுத்த நாளும் அன்ரி வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

பிற்பாடு அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை வாசித்தபோது அந்த அன்ரியின் முகம்தான் எனக்குத் தெரிந்தது. பவுல் கைதியாக இத்தாலிக்குக் கொண்டுபோகப்படுகிறார். யூரோக்கிலிதோன் காற்றில் அகப்பட்ட கப்பலில் 276 பேர். பதினான்கு நாட்களாக அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சரக்கில் கோதுமை இருந்தது, தின்பதற்குத்தான் மனமில்லை. விடியப்போகிற நேரம் பவுல் எல்லோரையும் சாப்பிடும்படி கெஞ்சுகிறார். உயிர் தப்புவதற்கு அது தேவை என்கிறார். பிறகு அப்பத்தை எடுத்து, எல்லோருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் செய்து, பிட்டு, தான் முதலில் சாப்பிடுகிறார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் திடன்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

அதே அதிகாரத்தின் 9ஆம் வசனத்தில் உபவாச நாளைப் பற்றியும் லூக்கா எழுதியிருக்கிறார். அங்கே உபவாசத்துக்கு ஒரு கிரேக்கச் சொல். புயலில் அவர்கள் சாப்பிடாமல் இருந்ததற்கு வேறொரு சொல். கொலோசெயர் நிருபத்தில் பவுல் பிரியமான வைத்தியன் என்று அழைக்கிற லூக்கா, இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. நாங்களும் குழப்பத் தேவையில்லை.

இனி உடம்புக்குள் நடப்பதைச் சொல்கிறேன். பெரிய பயமோ துக்கமோ வரும்போது, எதிரே புலி நிற்பதுபோல உடம்பு தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது. இருதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தம் குடல் பக்கம் குறைந்து தசைகளின் பக்கம் ஓடுகிறது. மூளையில் ஹைப்போதலமஸ் என்ற பகுதி சுரக்கும் ஒரு ஹோர்மோன் பசியை அடக்குகிறது. இரைப்பை மெதுவாகவே வெறுமையாகிறது. அதனால்தான் இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், குமட்டும், மணமே பிடிக்காது. இது விசுவாசக் குறைவும் அல்ல, விசுவாசத்தின் ஆழமும் அல்ல. புலி ஓடிப்போனால் பசி திரும்பும். ஆனால் பரீட்சை, கடன், வதிவிட அனுமதி, பெற்றோரின் சண்டை என்கிற புலிகள் மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்கும். சிலருக்கு இதே கவலை நாளாக நாளாகப் பசியைக் கூட்டுவதும் உண்டு. அவர்களையும் பரிகாசம் செய்ய வேண்டாம்.

பசி வந்தால் தானாகச் சாப்பிடட்டும் என்று விடலாமா? முன்பு வைத்தியசாலைகளிலும் அப்படி விடுவது வழக்கமாக இருந்தது. ஆராவ் கான்டோன் வைத்தியசாலையின் பேராசிரியர் பிலிப் ஷூட்ஸ் தலைமையில் சுவிசின் 8 வைத்தியசாலைகளில் ஒரு ஆய்வு நடந்தது. போஷாக்குக் குறையும் ஆபத்தில் இருந்த 2088 நோயாளர் அதில் பங்குபற்றினார்கள். ஒரு பாதியினருக்கு வழமையான வைத்தியசாலைச் சாப்பாடு. மறுபாதியினருக்கு அவரவர் தேவைக்கேற்ப உணவுத் திட்டம் போட்டுக் கவனித்தார்கள். 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பகுதியில் 100க்கு 10 பேர், இரண்டாவது பகுதியில் 100க்கு 7 பேர். 2019இல் லான்செட் இதழில் இது வெளியானது. அவர்கள் கடும் நோயாளர். பரீட்சைக் கவலையில் இருக்கிற பிள்ளைகள் அல்ல. ஆனாலும் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: பசியில்லாத ஒருவருக்குச் சாப்பாடும் மருந்துதான், அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

ஆகவே தம்பி, தங்கை, உனக்குச் சாப்பாடு இறங்காத நாட்களில் பசிக்காகக் காத்திருக்காதே. குளிசை போடுவதுபோல நேரம் பார்த்துச் சாப்பிடு. மூன்று பெரிய வேளைகளை மறந்துவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையளவு எடு. அரை வாழைப்பழம், ஒரு யோகட், ஒரு அவித்த முட்டை, சொதி விட்ட இரண்டு இடியப்பம். மணம் குமட்டினால் ஆறிய சாப்பாடு இலகுவாக இறங்கும். மெல்ல முடியாவிட்டால் குடி. கஞ்சி நல்லது, கொஞ்சம் தேங்காய்ப்பாலோ பட்டரோ சேர்த்தால் இன்னும் பலம். இந்த நாட்டில் கைக்கெட்டிய தூரத்தில் ஓவோமால்டின் இருக்கிறது. 1904இல் பேர்ணில் அதை அறிமுகப்படுத்தியதே சத்துப் பானமாகத்தான். பாலில் கரைத்துக் குடி. கோப்பியும் எனர்ஜி பானமும் வயிற்றை ஏமாற்றிப் பதற்றத்தைக் கூட்டும். சாப்பிடும்போது தொலைபேசியைத் தூர வை. சாப்பிடுவதற்கு முன் பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வா.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டுச் சமைச்சனான்" என்று சொன்னால் பிள்ளைக்குப் பசி வராது, குற்ற உணர்வுதான் வரும். பெரிய கோப்பையை நிறைத்து வைக்காமல் சின்னதாகப் போட்டு, பக்கத்தில் இருந்து நீங்களும் சாப்பிடுங்கள். கலியாண வீட்டிலும் சபை வாசலிலும் யாரையாவது கண்டவுடன் "நல்லா மெலிஞ்சிட்டீர், வடிவாயிருக்கு" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுவோம். அந்தப் பிள்ளை ஏன் மெலிந்தது என்று நமக்குத் தெரியாது. பசி இருந்தும் நிறை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிடாமல் இருந்தால், அது வேறு நோய். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

எப்போது குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும்? ஒரு கிழமைக்கு மேல் வழக்கத்தில் பாதிகூடச் சாப்பிட முடியாவிட்டால் போங்கள். முயற்சி செய்யாமலே மூன்று மாதத்துக்குள் நிறையில் 100க்கு 5 பங்குக்கு மேல் குறைந்தாலும், அதாவது 60 கிலோ உள்ளவர் 3 கிலோவுக்கு மேல் இழந்தாலும், போங்கள். தண்ணீரும் இறங்காவிட்டால் அன்றைக்கே போக வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாடு குறைந்த முதல் நாளே வைத்தியரை அழையுங்கள்; தாங்களாக மருந்தை நிறுத்தவும் வேண்டாம், அப்படியே தொடரவும் வேண்டாம். பத்து நாளுக்கு மேலாக ஒன்றும் சாப்பிடாத ஒருவருக்குத் திடீரென்று விருந்து வைப்பதும் ஆபத்து. இரத்தத்தின் உப்புகள் குழம்பிவிடும். வைத்தியரின் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தொடங்க வேண்டும். வாழவே மனமில்லை என்ற எண்ணம் வந்தால் ஒளித்து வைக்காதே. பிள்ளைகளும் வாலிபரும் 147ஐ அழைக்கலாம், பெரியவர்கள் 143ஐ அழைக்கலாம், இரவிலும் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 144.

சபையாரிடம் நான் கேட்பது இரண்டு காரியம். உபவாச ஜெபத்தை அறிவிக்கும்போது, நோயாளர், மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், கவலையால் ஏற்கனவே சாப்பிட முடியாமல் இருப்பவர்கள் உபவாசிக்கத் தேவையில்லை, ஜெபத்தில் மட்டும் சேரலாம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். வாலிபர் கூடுகையின் முடிவில் ஒரு பானை கஞ்சியோ சூப்போ வையுங்கள். யாருக்கு இறங்கவில்லை என்று அப்போது கண்ணில் படும்.

என் அம்மாவின் கதையை முடிக்கவில்லை. 2009 மே மாதக் கடைசியில் செட்டிகுளம் முகாமிலிருந்து செய்தி வந்தது. சித்தி வீட்டில் ஐந்து பேரில் நாலு பேர் உயிரோடு இருந்தார்கள். இப்போதும் ஒவ்வொரு மே 18க்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும் இடத்துக்கு அம்மா போவார். அரிசி, தண்ணீர், உப்பு. கோப்பையைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். "அதுகள் உயிரோட இருக்கிறதுக்காகத்தான் இதைக் குடிச்சதுகள். நான் பட்டினி கிடந்தது அதுகளுக்கு ஒரு சோத்துப் பருக்கையும் குடுக்கேல்லை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்தத் தம்பியை அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன். உபவாசம் வேண்டாம், நாளைக்கு வேலை முடிய வருகிறேன் என்றேன். ஒரு போத்தலில் கஞ்சி கொண்டுபோனேன். நிலையத்துக்குப் பக்கத்து வாங்கில் இருந்து இருவரும் குடித்தோம். அவன் பாதிதான் குடித்தான். அன்றைக்கு அது போதும் என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் போனேன்.