கீழாநெல்லியை அறிந்துகொள்வோம்

கார், பிசானம் என்னும் இரு பருவங்களிலும் தாமிரபரணி நீர் பாயும் நெல் வயல்களின் வரப்புகளிலும், வாழைத் தோட்டங்களிலும், நம் வீட்டுக் கிணற்றடியிலும் ஒருவரும் விதைக்காமலே முளைத்து நிற்கும் சிறு செடி கீழாநெல்லி. அது முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் முதலில் தேடப்படுவது இச்செடியே. அத்தனை நம்பிக்கை வைத்துள்ள செடியைச் சரியாக அறிந்து வைத்திருக்கிறோமா?

அதன் சிறு கிளை ஒன்றைப் பறித்துப் பாருங்கள். புளிய இலையைப் போன்ற கூட்டிலை என்றே தோன்றும். ஆனால் கூட்டிலையில் சிற்றிலைகளின் அடியில் மொட்டு தோன்றுவதில்லை. இங்கோ கிளையைத் திருப்பினால், ஒவ்வோர் இலையின் அடியிலும் கடுகளவு பூவோ, பச்சை மணி போன்ற காயோ தொங்குவதைக் காணலாம். ஆகவே நாம் சிற்றிலை என்று எண்ணியது ஒவ்வொன்றும் தனி இலை. கூட்டிலை என்று எண்ணியது ஒரு கிளை. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே, ஒரே செடியில் அமைகின்றன. காய் முற்றியதும் வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்யும். இரவு வந்தால் இலைகள் மடிந்து உறங்கும்.

1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பேரினத்தைப் பில்லாந்தஸ் என்று பதிவு செய்தார். இலை, பூ என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. மலைச் சரிவில் வளரும் நெல்லி மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. மரத்தையும் வரப்புச் செடியையும் நெல்லி என்ற ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோரின் கண் கூர்மையானதே.

இப்பேரினத்தின் சிறு செடிகள் பல ஒன்றுபோல் தோன்றுவதால் குழப்பமும் எழுகிறது. மேலாநெல்லியில் இலைகள் பறவை இறகு போல் இரு வரிசையில் அமையாமல் தண்டைச் சுற்றி அமைகின்றன. சிவந்த தண்டுள்ள இன்னொரு வகையில் காய்கள் காம்பின்றி ஒட்டி, சொரசொரப்பாக இருக்கும். நம் நூல்கள் பல நெடுங்காலம் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே குறித்து வந்தன. அப்பெயருக்குரிய செடி அமெரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை மூன்று வேறு இனங்கள் என்று 1985-இல் மித்ரா, ஜெயின் என்னும் தாவரவியலார் விளக்கினர். அவற்றுள் நம் கீழாநெல்லி பில்லாந்தஸ் அமாரஸ். அமாரஸ் என்றால் கசப்பு. மென்று பார்த்தவர்களுக்கு அதன் பொருத்தம் விளங்கும்.

இனி மருந்துக்கு வருவோம். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும், பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும், வேறு சிலரும் சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்த வைரஸை நீண்டநாளாக உடலில் தாங்கியவர்களுள் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி தரப்பட்டது. அவர்களில் 22 பேரின் இரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. உலகமே நம் வரப்பைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2011-இல் வெளியான மதிப்பீடும், நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

அப்படியானால் கீழாநெல்லி உண்டு குணமானதாகக் கூறுவோர் பொய்யரா? அல்லர். அசுத்த நீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் ஓய்விலும் நல்லுணவிலும் தானே தணிவது. பி வகை அத்தகையதன்று. பிறக்கும்போது தாயிடமிருந்து அதைப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடும். ஆண்டுகள் பல ஒரு குறியும் காட்டாமல் கல்லீரலை அரிக்கும். பித்தநாளக் கல்லும், வயலில் இறங்குவோரைத் தாக்கும் எலிக்காய்ச்சலும்கூடக் கண்ணை மஞ்சளாக்கும். கண்ணின் நிறம் ஒன்றே, காரணங்கள் பல. அவற்றைப் பிரித்துக் காட்டுவது மருத்துவப் பரிசோதனையே.

ஆகையால் பெற்றோரே, கண் மஞ்சளானவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கீழாநெல்லி கொடுத்துவிட்டுப் பத்து நாள் பார்ப்போம் என்று காத்திராதீர்கள். கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் பி வகைக்கான தடுப்பூசி போடப்பட்டதா என்று கேட்டறியுங்கள்; 2011 முதல் அது நாடெங்கும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கிணற்றடியில் நிற்கும் செடியையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிளையைத் திருப்பி, இலையடியில் மறைந்திருக்கும் பூவை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பெயர் கேட்டதும் நம்பிவிடாமல், திருப்பிப் பார்த்துத் தெளியும் பழக்கம் செடிக்கும் நல்லது, நோய்க்கும் நல்லது.