ஏஐ படிக்க முதலில் 24 தீப்பெட்டி வாங்குங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பேத்தி ஒரு கணக்கைப் போனில் கேட்டு, வந்த விடையை அப்படியே நோட்டில் எழுதினாள். தப்பு. சொன்னேன். "ஏஐ சொல்லுச்சு தாத்தா, அது எப்படித் தப்பாகும்?" என்றாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் நான் சொன்னதைக்கூட நீங்கள் யாரும் இப்படி நம்பியதில்லை!

சிபிஎஸ்இ 2019-20லேயே 9ஆம் வகுப்பில் ஏஐயை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்துவிட்டது. வேண்டியதுதான். ஆனால் திரையில் படம் காட்டி ஆரம்பிக்கக் கூடாது, கையால் ஒன்றைச் செய்ய வைத்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த டொனால்ட் மிக்கி 1961இல் செய்தார். இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க்கில் சங்கேத மொழியை உடைத்தவர்களில் ஒருவர் அவர். கணினி இல்லாமல், 304 தீப்பெட்டிகளையும் வண்ண மணிகளையும் வைத்து எக்ஸ்-ஓ விளையாட்டைத் தானே கற்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 304 பெட்டிக்கு நம் வீட்டில் இடமில்லை. அடுத்த ஆண்டே மார்ட்டின் கார்ட்னர், சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் 24 பெட்டி போதும் என்கிற சின்ன ஆட்டம் ஒன்றைக் கொடுத்தார். பெயர் ஹெக்ஸாபான். ஒன்பது கட்டம், ஆளுக்கு மூன்று சிப்பாய். சதுரங்கச் சிப்பாய் போலவே நேரே ஒரு கட்டம் நகரும், குறுக்கே வெட்டும். எதிர்வரிசையைத் தொட்டாலோ, எதிராளியை நகர முடியாமல் செய்தாலோ, எல்லாரையும் வெட்டினாலோ வெற்றி.

இயந்திரம் இரண்டாவதாக ஆடும். ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு ஆட்டநிலையை வரைந்து, நகரக்கூடிய வழிகளை வண்ண அம்புகளாகப் போட வேண்டும். உள்ளே அதே வண்ணங்களில் பாசிமணி. அதன் முறை வந்ததும் உரிய பெட்டியைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு மணி எடுக்க வேண்டும். அந்த வண்ண அம்புதான் அதன் நகர்வு. தோற்றால் கடைசியாக எடுத்த மணி பறிமுதல். பெட்டி காலியாக இருந்தால் இயந்திரம் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அதற்கு முந்தைய மணியைப் பறிக்க வேண்டும். விதிகள் இவ்வளவுதான்.

தீப்பெட்டிக்கு எங்கள் கோவில்பட்டிப் பக்கம் பஞ்சமா? ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து செய்தோம். முதலில் பேத்தியே ஜெயித்துக்கொண்டிருந்தாள். பிறகு வெற்றி குறைந்தது. ஞாயிறு மாலைக்குள் அவளால் ஜெயிக்கவே முடியவில்லை. "இதுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு தாத்தா" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். ஐந்தாம் வகுப்பு. ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினான். இயந்திரம் எதிர் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தியது. அவன் குறுக்கே வெட்டி நேராகக் கடைசி வரிசைக்குப் போய்விட்டான். ஆட்டம் முடிந்தது!

பேத்தி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். முதல் நாள் போட்ட மூன்று மணியும் அப்படியே இருந்தன. அவள் இரண்டு நாளும் நடுச் சிப்பாயையே முதலில் நகர்த்தியிருக்கிறாள். ஓரத்து ஆட்டத்தை அந்தப் பெட்டிகள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ போன்ல இருக்கறதும் அதைப் பழக்கினவங்க காட்டினதைத்தான் கத்துக்கிச்சா?" என்று கேட்டாள். மாதம் முழுக்க நான் பேசிப் புரியவைக்க முடியாததை அந்தப் பெட்டி புரியவைத்துவிட்டது.

இன்றைய ஏஐ தீப்பெட்டி அல்ல, மணிக்குப் பதில் கோடிக்கணக்கான எண்கள் என்று கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்கள் சண்டைக்கு வருவீர்கள். சரிதான், ஆனால் அந்த எண்களைத் திறந்து ஒரு பிள்ளையிடம் காட்ட முடியுமா? தீப்பெட்டியைத் திறந்து காட்டலாம். எதைக் கற்றது, எதைக் கற்கவில்லை, மணியைப் பறித்தது யார் என்பதெல்லாம் தெரியும். இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகாத பிள்ளைக்கு ஏஐ பாடத்தில் நூற்றுக்கு நூறு போட்டு என்ன பயன்?

இன்னொன்று. கார்ட்னரின் முறையில் பரிசு கிடையாது, பறிமுதல் மட்டும்தான். மிக்கியோ வெற்றிக்கு மூன்று மணி, டிராவுக்கு ஒரு மணி சேர்த்தார். காலியான பெட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தபோது, கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். தப்பாகப் பதில் சொன்ன ஒவ்வொரு முறையும் அவனை நிற்கவைத்தேன். அரையாண்டுக்குப் பிறகு அவன் கை தூக்கவே இல்லை. இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும். தம்பி, தப்பு என்னுடையது.

24 படங்களையும் பேத்தி அழகாக வரைந்திருக்கிறாள். நகல் வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். பாசிமணி நான்கு வண்ணத்தில் வாங்குங்கள், எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். எங்கள் பெட்டியில் சிவப்பு மணி கொஞ்சம் பெரிது. பையன் அதைத் தடவிப் பார்த்தே எடுக்கிறான்.