நடுநிலை என்றொரு கடை



ஒரு நாட்டுக்குள் அண்ணனும் தம்பியும் வெட்டிக்கொள்ளும்போது, யார் பக்கம் நியாயம் என்று டீக்கடையில் மணிக்கணக்காக வாதாடுகிறோம். துப்பாக்கி எந்த வழியாக வந்தது என்று கேட்பதில்லை. சரக்கு ஆபீசில் வேலை செய்யும் நமக்கு அந்தக் கேள்விதான் முதலில் தோன்ற வேண்டும்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. சுமார் 35 லட்சம் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த தென் மாநிலங்களிடம் பருத்தி இருந்தது; ஆயுதம் செய்யப் போதிய ஆலைகள் இல்லை. லிங்கன் அவர்களின் துறைமுகங்களை முற்றுகையிட்டார்.

அந்த ஆண்டு மே 13 அன்று பிரிட்டன் தன்னை நடுநிலை நாடு என்று அறிவித்தது. ஜூன் மாதமே தெற்கின் கொள்முதல் ஆள் ஜேம்ஸ் புல்லக் லிவர்பூலில் வந்து இறங்கினார். எதிர்க்கரை பர்க்கன்ஹெட்டில், லேர்டு கப்பல் தளத்தில் ஒரு கப்பல் உருவாயிற்று. தளத்தில் அதற்கு முதலில் '290' என்ற எண் மட்டுமே. போருக்காக ஆயுதம் பூட்டிய கப்பலை அனுப்பச் சட்டம் தடை. ஆகவே 1862 ஜூலை 29 அன்று வெள்ளோட்டம் என்று சொல்லி வெறும் கப்பலாகப் புறப்பட்டது. அசோர்ஸ் தீவுகளில் பீரங்கி ஏறியது. 'அலபாமா' என்று பெயரும் ஏறியது. வடக்கின் 60க்கு மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தது. சீட்டில் ஒன்று, மூட்டையில் வேறொன்று! நமக்குத் தெரியாத வித்தையா?

பணம்? 1863இல் எர்லாங்கர் வங்கி மூலம் 30 லட்சம் பவுன் கடன் திரட்டினார்கள். ஈடு, பருத்தி. அடிமையின் உழைப்பை அடகு வைத்து, அடிமைத்தனத்தைக் காக்க ஆயுதம்!

வடக்கும் அதே கடையில்தான் என்ஃபீல்டு துப்பாக்கி வாங்கியது. அது வாங்கிய வெடியுப்போ நம் நாட்டிலிருந்து போனது. அமெரிக்கப் பருத்தி நின்றதும் நாம் வாழும் இந்த பம்பாயில் பணம் கொட்டியது. கடலைத் தூர்க்கும் கம்பெனிகள் முளைத்தன. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பல கம்பெனிகள் கவிழ்ந்தன. தூரத்துப் போர் என்று எதுவுமில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தன. அடுப்பு எரியவில்லை. அந்த நிலையிலும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, அடிமை ஒழிப்பின் பக்கம் நின்றார்கள். அடுத்த மாதம் லிங்கன் அவர்களுக்கு நன்றி எழுதினார். கப்பல் முதலாளிக்குத் தெரியாத நியாயம் பட்டினி கிடந்தவனுக்குத் தெரிந்தது.

1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. லாபம் தளக்காரனுக்கு, தண்டம் மக்களின் கஜானாவுக்கு!

இன்று நம் நாடும் ஆயுதம் ஏற்றுமதி செய்கிறது. 2014இல் அமலுக்கு வந்த ஐ.நா. ஆயுத வணிக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. செய்பவர்களும், பெட்டி ஏற்றுபவர்களும், வரி கட்டுபவர்களும் நாம். எந்த நாட்டுக்கு, யார் கைக்கு, எதற்காக? இதை நாடாளுமன்றத்தில் சொல்லச் சொல்வோம். ஓட்டுக் கேட்டு நம் சாளுக்கு வருபவரிடம் தண்ணீர்க் குழாயோடு இதையும் கேட்போம்.

கூலி வாங்குகிறோம் என்பதற்காகக் கேள்வியை விற்றுவிடவில்லை.