ஒரு கை குறைகிறது

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கைப்பேசி ரம்மியில் கடனாளியான குடும்பங்களுக்கு அது ஆறுதல். ஆனால் எதிரே உட்கார்ந்து ஆட நாலு பேரைச் சட்டம் கூட்டிவந்து தராது. அதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். நகரத்து இளைஞர்கள் சிலர் செய்கிறார்கள்: மாதம் ஒரு சனிக்கிழமை, ஒருவர் வீடு, ஒரு விளையாட்டுப் பெட்டி, வீட்டுச் சாப்பாடு. இப்படித் தொடங்கும் கூட்டங்கள் பலவும் சில மாதங்களிலேயே கலைந்துபோகின்றன. கேட்டால், “யாருக்கும் நேரம் ஒத்துவரலைங்க” என்பார்கள். காரணம் அடுப்படியில் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

சீட்டுக் கச்சேரி நமக்குப் புதிதல்ல. கூடத்தில் ஆண்கள் ரம்மி ஆடுவார்கள். உள்ளேயிருந்து பஜ்ஜியும் காபியும் வந்துகொண்டே இருக்கும். தட்டைக் கொண்டுவந்து வைத்தவரைப் பார்த்து, “நீயும் ஒரு கை உட்காரேன்” என்று எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்? ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை பார்ப்போரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இன்றைய கூட்டங்களில் பெண்களும் சரிக்குச் சரியாக உட்கார்ந்து ஆடுகிறார்கள், உண்மைதான். எட்டரை மணிக்கு எழுந்து உள்ளே போவது மட்டும் இன்னமும் அந்த வீட்டுப் பெண்தான்.

எழுந்துபோனால் என்ன ஆகும் என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் ஸ்கூட் விட்டுவிட்டுப் போய் நிதானமாக ரெண்டு தோசை வார்த்துவிட்டு வரலாம். டிரேட் பலகை ஆட்டம் இன்னும் வசதி. திவாலானவருக்கு இரவு முழுக்க ஓய்வு. ஜெர்மானியரான கிளவுஸ் டாய்பர் 1995-ல் தந்த கட்டான் என்ற பலகை விளையாட்டில் இந்தச் சலுகை கிடையாது. யார் பகடை உருட்டினாலும், அந்த எண் விழுந்த நிலத்தை ஒட்டி வீடு கட்டியிருக்கும் எல்லோருக்கும் சீட்டு உண்டு. அடுத்தவர் முறையிலும் மரத்தைக் கொடுத்துச் செங்கல் கேட்டுப் பேரம் பேசலாம். கடைசிவரை யாரும் வெளியேற்றப்படுவதில்லை. இந்தத் தலைமுறை விளையாட்டுகளின் அழகே அதுதான். அதனாலேயே நடுவில் தோசை சுடப்போனவருக்குப் பேரமெல்லாம் போய்விடும். அவர் திரும்பி வரும்போது துறைமுகத்தை வேறொருவர் பிடித்திருப்பார்.

விடிய விடிய ஆடும் ஓர் இரவு நம்மிடமே இருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் உருட்டுவார்கள். உபவாசம் என்பதால் அன்று அடுப்படியில் யாருக்கும் வேலையில்லை. வீட்டில் எல்லோரும் ஆட்டத்தில் இருக்க முடிகிற இரவு அது. (துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை ஆய்வது யார் என்பது தனிக் கதை.)

அப்படியானால் பிரியாணியை ஆர்டர் செய்துவிட்டால் போயிற்று என்பார்கள். நியாயம்தான், சமைப்பவருக்கு அதைவிட விடுதலை இல்லை. ஆனால் அதில் மாதாமாதம் கை கடிக்கும் செலவு உண்டு. டெலிவரிக்காரர் தெருமுனையில் நின்று வழி கேட்கும்போது ஆட்டம் எப்படியும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டவர்கள் அடுத்த முறை தங்கள் வீட்டுக்கு அழைக்காமல் இருக்க மாட்டார்கள். பொட்டலத்துக்கு அந்தக் கடன் கிடையாது.

நம் சமையலிலேயே இதற்கு வழி இருக்கிறது. கல்லிலிருந்து தட்டுக்கு நேராக வர வேண்டிய தோசை, ஆப்பம், வடை ஒரு வகை. ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற கட்டுச்சோறு இன்னொரு வகை. விளையாட்டு இரவுக்கு ஏற்றது இரண்டாவதுதான். புளியோதரையை மத்தியானமே கிளறி வைத்துவிட வேண்டும்; ஊற ஊறத்தான் அதற்கு ருசி. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஆறினாலும் குற்றமில்லை. வெண்பொங்கல் மட்டும் வேண்டாம்: நெய்யும் முந்திரியுமாக அதைச் சாப்பிட்டவர் வியூகம் வகுத்து நான் பார்த்ததில்லை.

இதில் ஒரு சிக்கல், நல்லெண்ணெய். கட்டானில் விளைபொருள் சீட்டுகள் 95. பின்புறம் எல்லாம் ஒரே மாதிரி. புளியோதரை தொட்ட விரல் ஒரு சீட்டின் மூலையில் பட்டால் விளக்கு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மினுங்கும். அதற்குப் பிறகு அது எவர் கையில் இருந்தாலும் கோதுமை என்று மேசைக்கே தெரிந்துவிடும். கேரம் பலகை என்றால் பவுடரும் எண்ணெயும் குழைந்து காய் நகராது. ஆகவே சாப்பாடு முதலில், கை கழுவியபின் ஆட்டம். நடுவில் கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் கிண்ணத்தில் சுண்டல், கூடவே கரண்டி. டீ ஃபிளாஸ்க்கில் இருக்கட்டும்.

கடைசியாகப் பாத்திரம். தோற்றவர் கழுவ வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் யாராவது சிரித்துக்கொண்டே விதி போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழுவுவதைத் தண்டனையாக்கினால், அதைத் தினமும் செய்கிறவர் தினமும் தோற்றவர் ஆகிவிடுகிறார். சமைக்காதவர்கள் கழுவட்டும், ஜெயித்தவரிலிருந்து தொடங்கட்டும். அடுத்து யார் வீடு, எந்தத் தேதி, பெட்டியைக் கொண்டுவருவது யார் என்பதையும் அந்தத் தொட்டியடியில் நின்றே பேசி முடித்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப் குழுவுக்கு விட்டால் ஆளுக்கொரு கட்டைவிரல் வரும், தேதி வராது.